'ஸ்ட்ராங்'னா குளிருக்கு நல்லதா? மார்கழி பீர் கணக்கு!

மார்கழி பிறந்துவிட்டால் வடக்குத்தில் பொழுது விடிவதே லேட்டாகத்தான் தெரியும். விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் பனி இறங்கி நிற்க, எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் மட்டும் மஞ்சளாக மிதந்து வரும். நெய்வேலி சுரங்கத்தில் நைட் ஷிஃப்ட் முடித்தவர்களும், காலை ஷிஃப்ட்டுக்குக் கிளம்பியவர்களும் ஒரே டீக்கடையில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்கும் நேரம் அது. மஃப்ளருக்குள்ளிருந்து இப்படிப் பேச்சு வருவது வழக்கம்.

"மச்சான், இந்தக் குளிர்ல போய் ஜில்லுனு பீரா? தொண்டை கட்டிக்கும்டா."

"அதான் ஸ்ட்ராங் வாங்குறது. உள்ள போனா சூடு ஏறிடும்ல?"

"அப்ப லண்டன்ல, ஜெர்மனில எல்லாம் பனி கொட்டுறப்ப எப்படிக் குடிக்கிறான்?"

"அவன் ஊரு பீரே வேற மாப்ள!"

கடைசியாகச் சொன்னவர் பாஸ் மார்க் வாங்கிவிட்டார். குளிர் நாடுகளில் குளிர்காலத்துக்கென்றே தனி பீர் வகைகள் உண்டு. ஆனால், 'ஸ்ட்ராங் குடித்தால் சூடு ஏறும்' என்ற நம்பிக்கைதான் இடிக்கிறது. இரண்டும் ஏன் என்று பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. மது உடல்நலத்துக்குக் கேடு. எந்த அளவு குடித்தாலும் அது பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்லும் கட்டுரை அல்ல இது. வீட்டில் ஒருவர் குடிப்பவராக இருந்தால், குடிக்காத மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இதில் இருக்கிறது.

நம் ஊர் பீர் ஏன் வெயில்கால பீர்?

டாஸ்மாக் கடையில் கிடைக்கும் பீரில் அநேகமாக எல்லாமே 'லாகர்' என்ற ஒரே குடும்பம். தங்க நிறம், லேசான உடம்பு, நிறைய நுரை. குளிர்ந்த நிலையில் நொதிக்கவைத்து, குளிர்ந்த நிலையிலேயே வைத்திருந்து எடுப்பது லாகர். 4 முதல் 7 டிகிரியில் குடித்தால்தான் அது நன்றாக இருக்கும். கொஞ்சம் சூடேறினாலும் ருசி கெட்டுவிடும். சித்திரை வெயிலுக்குச் சரி. மார்கழி ராத்திரியில் அதே ஜில் பாட்டிலைப் பிடித்தால் விரல்தான் விறைக்கும்.

'ஸ்ட்ராங்' என்பது தனி வகை பீர் இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி 5 சதவிகிதம் வரை ஆல்கஹால் இருந்தால் மைல்டு. 5-க்கு மேல் 8 வரை ஸ்ட்ராங். அவ்வளவுதான் வித்தியாசம். இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பகுதி ஸ்ட்ராங்தான். பார்லி மால்ட்டை அதிகமாகப் போட்டு அந்த அளவை எட்டுவது ஒரு வழி. அரிசி, மக்காச்சோளம், சர்க்கரை சேர்த்து எட்டுவது மலிவான வழி. இரண்டாவது வழியில் போதை கூடும், ருசி கூடாது. குளிருக்கு இதமாக நாக்கில் நிற்கும் அந்தக் கனம் மால்ட்டிலிருந்துதான் வரவேண்டும்.

கறுப்பாக இருந்தால் கிக் அதிகமா?

குளிர்கால பீர்களில் பெரும்பாலானவை கறுப்பு அல்லது கரும்பழுப்பு. போர்ட்டர், ஸ்டவுட், டாப்பெல்பாக் என்று பெயர்கள் போகும். நிறத்தின் ரகசியம் வறுவலில் இருக்கிறது. முளைகட்டிய பார்லியைக் காயவைத்தால் மால்ட். அதை 80 டிகிரி பக்கத்தில் மென்மையாகக் காயவைத்தால் லாகருக்கான வெளிர் மால்ட் கிடைக்கும். 200 டிகிரியைத் தாண்டி வறுத்தால் கறுத்துப்போய், காபிக்கொட்டை, கோகோ வாசனை வந்துவிடும். பண்ருட்டிப் பக்கம் முந்திரி வறுப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பச்சைப் பருப்புக்கும் வறுத்த பருப்புக்கும் உள்ள தூரம்தான் லாகருக்கும் ஸ்டவுட்டுக்கும் உள்ள தூரம்.

நிறத்தைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. உலகின் மிகப் பிரபலமான கறுப்பு பீர், அயர்லாந்தின் கின்னஸ். 1759-ல் ஆர்தர் கின்னஸ் டப்ளினில் ஒரு பழைய ஆலையை ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகையில், 9,000 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்துத் தொடங்கியது (ஆமாம், ஒன்பதாயிரம்தான்!). பப்பில் குழாயிலிருந்து பிடித்துத் தரும் கின்னஸில் ஆல்கஹால் 4.2 சதவிகிதம்தான். தங்க நிறத்தில் அப்பாவி போல நிற்கும் நம் ஊர் ஸ்ட்ராங் லாகரில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு!

நுவரெலியாவின் கறுப்புச் சிங்கம்

குளிருக்கு ஒரு பீர் என்றால் ஐரோப்பா வரை போகத் தேவையில்லை. தமிழ் பேசும் ஒரு மலையிலேயே அது இருக்கிறது.

இலங்கையின் நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி ராத்திரிகளில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். தேயிலைச் செடி மேல் உறைபனி படியும் நாள்களும் உண்டு. ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டவர் என்று பாடப்புத்தகங்களில் வரும் சாமுவேல் பேக்கர், அதற்கு முன்பு இங்கேதான் குடியேறியிருந்தார். 1849-ல் அவர் இங்கே ஒரு பீர் ஆலை வைத்தார். பிறகு 1881-ல் தொடங்கிய சிலோன் ப்ரூவரி, 'லவர்ஸ் லீப்' அருவித் தண்ணீரை வைத்து பீர் காய்ச்சியது. அதன் வாரிசுதான் இன்றைய லயன் ப்ரூவரி. ஆலை பின்னாளில் கொழும்புக்கு அருகே பியகமவுக்கு இடம் மாறிவிட்டது.

அதன் 'லயன் ஸ்டவுட்' ஒரு தனிப்பிறவி. டிகாக்‌ஷனில் கருப்பட்டியைக் கரைத்ததுபோல அடர்த்தி. ஆல்கஹால் 8.8 சதவிகிதம். நம் ஸ்ட்ராங் லாகரைவிடவும் அதிகம்தான். ஆனால், அந்த அடர்த்தியே மடக் மடக்கென்று குடிக்கவிடாது. 'பீர் ஹன்ட்டர்' என்று அழைக்கப்பட்ட பிரிட்டிஷ் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்லை, இவர் வேறு!) இதைத் தேடிப்பிடித்துக் குடித்துப் புகழ்ந்து எழுதியதில், வெப்ப நாட்டிலிருந்து வந்த ஒரு ஸ்டவுட் உலகப் பட்டியல்களில் ஏறியது.

மலைமேல் ஏன் ஆலை வைத்தார்கள்? ஃபிரிட்ஜ் கிடையாது என்பதுதான் காரணம். பீரை நொதிக்கவைக்கும் ஈஸ்ட்டுக்கு அதிகச் சூடு ஆகாது. சமவெளியில் நொதிக்கவைத்தால் புளித்துப்போகும். வட இந்தியாவில் கசோலியில் ஆலை தொடங்கியவர் எட்வர்டு டயர். ஜாலியன்வாலா பாக் படுகொலையை நடத்திய ஜெனரல் டயரின் அப்பா.

நமக்கு இன்னும் பக்கத்தில், நீலகிரியில் 1857-லேயே 'கேஸில் ப்ரூவரி' இருந்தது. தென்னிந்தியாவில் இருந்த இதுபோன்ற ஐந்து ஆலைகளைச் சேர்த்து 1915-ல் தாமஸ் லீஷ்மன் தொடங்கிய கம்பெனிதான் யுனைடெட் ப்ரூவரீஸ். இன்று ஊரெல்லாம் ஐஸ் போல விற்கும் கிங்ஃபிஷரின் ஆதி வேர், நீலகிரிக் குளிரில் இருக்கிறது.

ஜெர்மனியிலும் இதே கதைதான். பவேரியாவில் 1553-ல் போட்ட சட்டப்படி ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சவே தடை. குளிர்காலம்தான் காய்ச்சும் காலம். 1870-களில் கார்ல் வான் லிண்டே கண்டுபிடித்த குளிரூட்டும் இயந்திரத்தை முதலில் வாங்கி மாட்டியவர்களில் மூனிச் பீர் ஆலைக்காரர்கள் உண்டு. நம் வீட்டு ஃபிரிட்ஜின் தாத்தா, பீருக்காகப் பிறந்தவர் என்று சொன்னால் தப்பில்லை.

பனி நாட்டுக்காரர்கள் என்ன எடுக்கிறார்கள்?

லண்டனில் 18-ம் நூற்றாண்டில் சுமைதூக்குபவர்கள் விரும்பிக் குடித்ததால் பெயர் வாங்கியது போர்ட்டர். அதன் கனமான தம்பி ஸ்டவுட். மூனிச் துறவிகள் நோன்பு நாள்களில் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடித்ததாகச் சொல்லப்படும் டாப்பெல்பாக்குக்குத் 'திரவ ரொட்டி' என்றே செல்லப்பெயர். ஆண்டில் ஒரே நாள், டிசம்பர் 6 அன்று மட்டும் காய்ச்சப்படும் 'சாமிக்ளாஸ்' 14 சதவிகிதம் ஆல்கஹால் கொண்டது; அதைச் சின்னக் கோப்பையில் ஒயின் மாதிரி சப்பிக் குடிப்பார்கள்.

இதில் நம்மவர்களுக்குச் சட்டென்று புரிவது போலந்துக்காரர்களின் வழக்கம். அவர்கள் பீரில் இஞ்சி, கிராம்பு, பட்டை, தேன் போட்டு, கொதிக்கவிடாமல் சூடுபண்ணிக் குடிக்கிறார்கள். சுக்குக் காபிக்குத் தூரத்துச் சொந்தம்!

சூடுபண்ணாத மற்றவற்றுக்குப் பொதுவாக ஒரு குணம் உண்டு. ஐஸில் போடுவதில்லை. 10 முதல் 13 டிகிரி வரை, அதாவது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்த சூட்டில்தான் பரிமாறுகிறார்கள். அதிகக் குளிர் நாக்கை மரக்கவைக்கும், வாசனையை அமுக்கிவிடும். 'ஜில்லுனு இருந்தாதான் பீர்' என்ற நம் பழக்கத்துக்குப் பின்னால் வெயிலும் இருக்கிறது, ருசியை மறைக்க வேண்டிய கட்டாயமும் இருக்கிறது. சென்னையில் ஐஸ் ஹவுஸ் என்று ஒரு கட்டடம் இருக்கிறதே, அது 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸை வைக்கக் கட்டியது. வெள்ளைக்காரர்களின் கோப்பைக்காக ஐஸ் கடல் தாண்டி வந்த ஊர் இது.

சரி, இங்கே எதை எடுப்பது?

கறுப்பு பீர் தமிழ்நாட்டுக் கடைகளில் அபூர்வம். பெரிய ஊர்களின் எலைட் கடைகளிலும், ஹோட்டல் பார்களிலும் வெளிநாட்டு பீர் வைப்பார்கள். கறுப்பில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது ஆல்கஹால் சதவிகிதம். அடுத்து, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது. மால்ட் மட்டும் இருந்தால் நல்லது. சர்க்கரையும் அரிசியும் இருந்தால் அது வெறும் ஸ்ட்ராங். 'ஸ்ட்ராங்' என்ற பெரிய எழுத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, புளி எவ்வளவு என்று பார்த்துக் குழம்பைத் தேர்ந்தெடுப்பது போல.

கறுப்பு கிடைக்கவில்லையா? மைல்டு லாகர், அதிலும் 330 மில்லி சின்ன பாட்டிலோ கேனோ கிடைத்தால் அதுவே குளிர்காலத்துக்குப் போதும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிஷம் வைத்துவிட்டு, பாட்டிலோடு கவிழ்க்காமல் கிளாஸில் ஊற்றிக் குடித்தால் தொண்டையும் தப்பிக்கும். வெயில் காலத்தில் தாகத்துக்கு என்றாவது ஒரு சாக்கு உண்டு. குளிரில் தாகமே எடுக்காது. பெரிய பாட்டிலுக்குத் தேவை எங்கே இருக்கிறது?

தொட்டுக்கொள்ள இந்த மண்ணில் இருப்பதைவிடப் பொருத்தமானது வேறில்லை. வறுத்த மால்ட்டுக்கு வறுத்த முந்திரி, வறுத்த வேர்க்கடலை. தை பிறந்ததும் வரும் பனங்கிழங்கை வேகவைத்து மிளகு, உப்பு போட்டுப் பிசிறினால் இன்னும் நன்று. லண்டனில் ஸ்டவுட்டுக்குச் சிப்பி சாப்பிடுவது பழைய வழக்கம். கடலூர் துறைமுகத்து நண்டும் இறாலும் அதற்குக் குறைந்தவை இல்லை. எதுவாக இருந்தாலும் சாப்பிட்ட வயிற்றோடு, நடுநடுவே தண்ணீரோடு. குளிரில் தண்ணீர் குடிக்கத் தோன்றாது, பீரோ சிறுநீராக நீரை வெளியேற்றும். மறுநாள் தலைவலிக்கு இதுவும் ஒரு காரணம்.

'பீர்தானே' என்பவர்களுக்கு ஒரு கணக்கு

650 மில்லி பாட்டில், 8 சதவிகிதம். அதில் சுத்த ஆல்கஹால் மட்டும் 52 மில்லி. எடையில் சுமார் 41 கிராம். 42.8 சதவிகிதம் உள்ள பிராந்தியில் 60 மில்லி லார்ஜ் ஒன்றில் இருப்பது சுமார் 20 கிராம். ஆக, ஒரு ஸ்ட்ராங் பீர் என்பது இரண்டு லார்ஜ். 'நான் ஹாட் எல்லாம் தொட மாட்டேன், ரெண்டு பீரோட சரி' என்று வீட்டில் பெருமையாகச் சொல்பவர், நான்கு லார்ஜ் குடித்திருக்கிறார்.

இதை உடம்பு எவ்வளவு வேகத்தில் எரிக்கும்? ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம். தயிர், எலுமிச்சை, பச்சைத்தண்ணீர்க் குளியல் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. இப்போது நெய்வேலி ஷிஃப்ட்டோடு பொருத்திப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ராத்திரி 9 மணிக்கு ஆரம்பித்து இரண்டு ஸ்ட்ராங் முடிக்கிறார். தூங்கி எழுந்து, குளித்து, விபூதி வைத்துக்கொண்டு, காலை 6 மணி ஷிஃப்ட்டுக்கு பைக் எடுக்கிறார். அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால், ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் என்ற சட்ட எல்லையை ஒட்டியோ, தாண்டியோ ஆல்கஹால் இருக்க வாய்ப்பு அதிகம். எல்லை தாண்டியது தெரிந்தால், முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்தைக் கட்டிவிடலாம். பத்தடி தூரம் தெரியாத பனியில், சிக்னல் போடாமல் நிற்கும் டிப்பர் லாரியைப் பார்த்து பிரேக் பிடிக்க வேண்டிய அந்த அரை நொடியை எங்கே வாங்குவது?

அப்புறம் அந்தச் 'சூடு'. குடித்ததும் சருமத்துக்கு அடியில் இருக்கும் ரத்தக்குழாய்கள் விரிகின்றன. உள்ளே இருக்க வேண்டிய சூடான ரத்தம் தோலுக்கு வருகிறது. முகம் கதகதக்கிறது. அதே நேரம் அந்தச் சூடு காற்றில் போய்க்கொண்டே இருக்கிறது. உள்ளுடம்பின் வெப்பம் குறைகிறது, நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் திறனும் மந்தமாகிறது. ஜன்னலைத் திறந்துவைத்து அடுப்பு எரிப்பது மாதிரி. ஆல்ப்ஸ் மலையில் கழுத்தில் பிராந்திப் பீப்பாயோடு வந்து பனியில் சிக்கியவர்களைக் காப்பாற்றும் செயின்ட் பெர்னார்டு நாய் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த நாய்கள் பலரைக் காப்பாற்றியது உண்மை; பீப்பாய் சுமந்ததற்கு ஆதாரம் இல்லை. 1820-ல் எட்வின் லேண்ட்சீர் என்ற ஓவியர் வரைந்த படத்தில் தொங்கவிட்டது, இன்றுவரை தொங்குகிறது.

கடலூர் மாவட்டத்தின் 20 டிகிரிக் குளிரில் இதனால் யாரும் உறைந்துபோக மாட்டார்கள்தான். ஆனால் கதகதப்பை நம்பி ஸ்வெட்டர் போடாமல் பைக்கில் வருபவர்களும், திண்ணையிலேயே படுத்துவிடுகிற வயதானவர்களும் கவனிக்க வேண்டும். இன்னொன்று, இது சளி மாத்திரை சீஸன். செட்ரிசின், குளோர்பெனிரமைன் உள்ள மாத்திரையோ சிரப்போ எடுத்த அன்று பீர் கூடவே கூடாது. தூக்கமும் தடுமாற்றமும் பல மடங்காகும். பாராசிட்டமாலும் மதுவும் சேர்ந்தால் அடி வாங்குவது கல்லீரல்.

பாண்டிக்குப் போகலாமா?

கறுப்பு பீர் என்றதுமே இந்தப் பக்கத்து இளைஞர்களுக்கு நினைவு வருவது, சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் புதுச்சேரிதான். அங்கே வகைகள் அதிகம், உட்கார்ந்து குடிக்க இடங்களும் அதிகம். போய் ஒரு கிளாஸ் ருசி பார்ப்பதில் சட்டச் சிக்கல் இல்லை. 'நம்ம வீட்டுக்கு நாலு பாட்டில்' என்று பையில் போட்டுக்கொண்டு வருவதில்தான் இருக்கிறது. அனுமதியில்லாமல் புதுச்சேரி மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். கடலூர் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பண்டிகை நேரங்களில் பையைத் திறக்கச் சொல்வார்கள். நியூ இயர் சமயத்தில் பிடிபட்டு, பாட்டிலோடு பைக்கையும் பறிகொடுத்தவர்கள் கதை இந்த மாவட்டத்தில் ஆண்டுதோறும் உண்டு.

ஒரு கிளாஸோடு நிறுத்துபவர்கள்கூட பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது உத்தமம். பாண்டியிலிருந்து நெய்வேலிப் பக்கம் வர பஸ் இருக்கிறது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை முதல் கிளாஸுக்கு முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள், ராத்திரி பஸ்ஸில் ஜன்னல் சரியாகச் சாத்தாது.